தேவாலயக் கிட்டாருக்கு எத்தனை வாட் வேண்டும்?

எங்கள் தேவாலயம் ஒரு கடைவீட்டின் முதல் மாடியில் இருக்கிறது. எண்பது நாற்காலிகள் போடலாம். தாழ்வான கூரை, தரை முழுக்க ஓடு. ஞாயிறு ஆராதனையில் மிக்சருக்கு முன்னால் உட்காருவது என் வேலை. போன மாதம், படிவம் 4 படிக்கும் எங்கள் கிட்டார் தம்பி என்னிடம் வந்தான்.

"அங்கிள், ஒருத்தர் பழைய 100 வாட் ஆம்ப் விற்கிறார். விலை மலிவு. வாங்கட்டுமா? சத்தம் அதிகம் என்றால் குறைத்து வைத்துக்கொள்ளலாம்தானே?"

"வேண்டாம் தம்பி" என்றேன்.

"அப்படியென்றால் 5 வாட் ஆம்ப் வாங்கட்டுமா?"

"அது மட்டும் போதாது" என்றேன்.

அவன் முகம் சுருங்கிப் போனது. ஆராதனை தொடங்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. அதனால் விளக்கம் சொல்ல முடியவில்லை. அந்த விளக்கம்தான் இந்தக் கட்டுரை. தேவாலயத்தில் மட்டுமல்ல, பள்ளி மண்டபத்திலோ கோயில் பஜனையிலோ இசைக்கருவி வாசிக்கும் எல்லா மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிறிய இடத்துக்கு ஆம்ப் வாங்குபவர் "இது எத்தனை வாட்?" என்று கேட்பது தவறான கேள்வி. "சத்தத்தை நன்றாகக் குறைத்த பிறகும் இது நன்றாக ஒலிக்குமா?" என்பதே சரியான கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை விளம்பரத்தில் இருக்காது. ஆனால் உங்கள் அறிவியல் பாடத்தில் இருக்கிறது.

வாட் எண்ணும் காதும்

ஆம்ப் என்பது கிட்டாரிலிருந்து வரும் மிகச் சிறிய மின்சமிக்ஞையைப் பெருக்கி, ஒலிபெருக்கியை அதிரச் செய்யும் கருவி. அது எவ்வளவு மின்னாற்றலை ஒலிபெருக்கிக்குக் கொடுக்கும் என்பதை வாட் எண் சொல்கிறது. 100 வாட் ஆம்ப் 10 வாட் ஆம்பைவிடப் பத்து மடங்கு சத்தம் போடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையல்ல.

நம் காது ஆற்றலை மடக்கைக் கணக்கில் உணர்கிறது. கூடுதல் கணிதத்தில் நீங்கள் படிக்கும் அதே மடக்கைதான். ஆற்றல் இரட்டிப்பானால் ஒலி அளவு 3 டெசிபெல் கூடும். ஆற்றல் பத்து மடங்கானால் 10 டெசிபெல் கூடும். 10 டெசிபெல் கூடும்போதுதான் "சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது" என்று பெரும்பாலோருக்குத் தோன்றுகிறது. ஆகவே 100 வாட் ஆம்ப், 10 வாட் ஆம்பைவிடச் சுமார் இரண்டு மடங்கு சத்தம் மட்டுமே தரும். அதே கணக்கில், 10 வாட் ஆம்ப் 1 வாட் ஆம்பைவிட இரண்டு மடங்குதான்.

இதைத் தம்பியின் இரண்டாவது கேள்விக்குப் பொருத்திப் பாருங்கள். 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் 13 டெசிபெல்தான் குறையும். இருபதில் ஒரு பங்கு ஆற்றல், ஆனால் காதுக்குப் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. "சின்ன ஆம்ப்தானே" என்று வாங்கியவர்கள் முதல் நாளே பாட்டிமார்களிடம் திட்டு வாங்குவதற்கு இதுதான் காரணம்.

வீசம் வாட்டில் ஓர் ஆராதனை

இன்னும் துல்லியமாகக் கணக்குப் போடுவோம். கிட்டார் ஆம்ப்களில் வரும் ஒலிபெருக்கிகள் மிகவும் திறன் வாய்ந்தவை. எடுத்துக்காட்டாக, செலஸ்டியன் நிறுவனத்தின் விண்டேஜ் 30 என்னும் 12 அங்குல ஒலிபெருக்கிக்கு 1 வாட் கொடுத்தால், 1 மீட்டர் தூரத்தில் 100 டெசிபெல் ஒலி வரும். வெறும் 1 வாட்டுக்கு!

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது ஒலி 6 டெசிபெல் குறையும். 2 மீட்டரில் 94, 4 மீட்டரில் 88. மூடிய அறையில் சுவரும் தரையும் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் இந்த அளவுக்குக்கூடக் குறையாது. நான்கு மீட்டர் தூரத்தில், அதாவது எங்கள் இரண்டாவது வரிசையில், 76 டெசிபெல் கிட்டார் ஒலி கேட்டால் பாடலுக்குத் துணையாகப் போதும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் 88 டெசிபெல்லிலிருந்து 12 டெசிபெல் குறைக்க வேண்டும். 12 டெசிபெல் என்பது ஆற்றலில் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்கு.

தமிழில் பதினாறில் ஒரு பங்குக்கு வீசம் என்று பெயர். எங்கள் தேவாலயக் கிட்டாருக்குத் தேவைப்படுவது வீசம் வாட்! அதற்கு 100 வாட் வாங்கினாலும் 5 வாட் வாங்கினாலும், வாங்கியதில் பெரும்பகுதியை யாரும் பயன்படுத்தப் போவதில்லை.

பெரிய ஆம்ப் எதற்காக வந்தது?

அப்படியானால் 100 வாட் ஆம்ப்களை ஏன் செய்தார்கள்? அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. 1960களில் மேடைக் கச்சேரிகளில் பாடகரின் குரல் மட்டுமே பொதுவாக அரங்க ஒலிபெருக்கி வழியாகப் போகும். கிட்டாரின் ஒலி, மேடையில் இருக்கும் ஆம்பிலிருந்தே கடைசி வரிசை வரை போக வேண்டும். கூட்டம் பெருகப் பெருக ஆம்பும் பெருத்தது. இங்கிலாந்தில் தி ஹூ இசைக்குழுவின் பீட் டவுன்செண்ட் இன்னும் சத்தம் வேண்டும் என்று கேட்க, ஜிம் மார்ஷலின் பட்டறை 1965இல் 100 வாட் ஆம்பை உருவாக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாள், நியூயார்க்கின் ஷே அரங்கில் சுமார் 55,600 பேர் முன்னிலையில் பீட்டில்ஸ் குழுவினர் 100 வாட் வாக்ஸ் ஆம்ப்களோடு வாசித்தார்கள். அப்படியும் ரசிகர்களின் கூச்சலில் இசை அமுங்கிப் போனது.

இன்று அந்தச் சிக்கலே இல்லை. பெரிய அரங்கமானால் ஆம்புக்கு முன்னால் ஒரு மைக் வைத்தால் போதும். மிக்சர் வழியாக அரங்க ஒலிபெருக்கிகள் எல்லா வரிசைக்கும் ஒலியைக் கொண்டு போய்விடும். 55,600 பேருக்காகப் பிறந்த தீர்வை எண்பது நாற்காலி அறைக்குள் கொண்டு வருவது, வாளிச் செடிக்குத் தீயணைப்பு வண்டியால் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

"குறைத்து வைத்துக்கொள்ளலாமே?"

தம்பியின் இந்தக் கேள்வி நியாயமானது. விடை, ஆம்ப் எந்த வகை என்பதைப் பொறுத்தது.

வால்வு ஆம்பில் இரண்டு நிலைகள் உண்டு. முதல் நிலை சமிக்ஞையை வளர்க்கும். ஆற்றல் நிலை ஒலிபெருக்கியைத் தள்ளும். ஆற்றல் நிலை வால்வுகளை எல்லைவரை ஓட்டினால், அலையின் முகடுகள் தட்டையாகும். முகடு தட்டையானால் மூல அலையில் இல்லாத கூடுதல் அதிர்வெண்கள் பிறக்கும். ராக் இசையில் கேட்கும் அந்த முறுமுறுப்பான, தடித்த ஒலி இப்படித்தான் வருகிறது. அது ஒரு குறையாகத் தொடங்கி, பிறகு எல்லோரும் விரும்பும் குணமாகிவிட்டது.

சிக்கல் இங்கேதான். அந்தக் குணம் வர வேண்டுமென்றால் ஆம்பை எல்லைவரை ஓட்ட வேண்டும். 100 வாட் வால்வு ஆம்பை எல்லைவரை ஓட்டினால் மேலே சொன்ன கணக்கின்படி 1 மீட்டரில் 120 டெசிபெல். 5 வாட் ஆம்பை ஓட்டினாலும் 107. குறைத்து வைத்தால் காசு கொடுத்து வாங்கிய அந்தக் குணம் வராது. சத்தக் குமிழைத் துளி திருப்பினாலே ஒலி துள்ளி எழும் ஆம்ப்களும் உண்டு. வாசிப்பவன் ஆராதனை முழுக்கக் குமிழோடு போராடுவான்.

இதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன. முதல் வழி, முறுமுறுப்பை முதல் நிலையிலேயே, அல்லது கால் பெடலிலேயே உண்டாக்கிக்கொண்டு, கடைசியில் மாஸ்டர் குமிழால் சத்தத்தைக் குறைப்பது. இரண்டாவது, ஆம்புக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையில் அட்டெனுவேட்டர் என்ற பெட்டியை வைத்து, மிகுதி ஆற்றலை வெப்பமாக்கிவிடுவது. மூன்றாவது, ஆற்றலை மாற்றும் விசை உள்ள ஆம்ப் வாங்குவது. பாஸ் நிறுவனத்தின் கட்டானா 50 என்னும் ஆம்பில் 50 வாட், 25 வாட், அரை வாட் என்று மூன்று நிலைகள் உண்டு. 50இலிருந்து அரை வாட்டுக்கு மாற்றினால் 20 டெசிபெல் குறையும், அதாவது காதுக்கு நான்கில் ஒரு பங்கு. நான்காவது, மேடையில் ஆம்பே இல்லாமல், கிட்டாரை நேராக மிக்சருக்கு அனுப்புவது.

நான்காவது வழியில் ஒரு எச்சரிக்கை. கிட்டார் ஒலிபெருக்கி சுமார் 5,000 ஹெர்ட்சுக்கு மேலுள்ள ஒலியை அதிகம் வெளியிடாது. மிக்சரோடு இணைந்த ஒலிபெருக்கிகளோ அதற்கு மேலும் தெளிவாக வெளியிடும். அதனால் முறுமுறுப்பான கிட்டாரை அப்படியே மிக்சரில் செருகினால் காதருகே கொசு பறப்பது போல இருக்கும். கிட்டார் ஒலிபெருக்கியைப் போல நடந்துகொள்ளும் ஒரு மின்னணு வடிகட்டி இடையில் கட்டாயம் வேண்டும். பல இலக்கமுறை ஆம்ப்களில் அது உள்ளேயே இருக்கிறது.

முழங்காலுக்குக் காது இல்லை

நல்ல ஆம்பை வாங்கினாலும் தவறான இடத்தில் வைத்தால் பயனில்லை. மிக்சரில் உட்கார்ந்து நான் அதிகம் பார்த்த தவறு இதுதான்.

அலையின் நீளம், ஒலியை வெளியிடும் பரப்பைவிடச் சிறியதாக இருந்தால் ஒலி விரிந்து பரவாது. டார்ச் விளக்குபோல நேராகப் போகும். 2,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 17 சென்டிமீட்டர். 12 அங்குல ஒலிபெருக்கியின் விட்டம் 30 சென்டிமீட்டர். ஆகவே கிட்டாரின் கூர்மையான ஒலிகள் ஆம்புக்கு நேர் முன்னால் மட்டுமே பலமாக இருக்கும். பக்கத்திலும் மேலும் மந்தமாகத்தான் கேட்கும்.

இப்போது மேடையைப் பாருங்கள். ஆம்ப் தரையில் இருக்கிறது. தம்பி அதற்கு முன்னால் நிற்கிறான். கூர்மையான ஒலி அவன் முழங்காலில் பட்டு, அவனைத் தாண்டி, இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் முகத்துக்கு நேராகப் போகிறது. அவனுக்கு மந்தமாகக் கேட்கிறது. "என் கிட்டார் கேட்கவில்லை" என்று டிரெபிளையும் சத்தத்தையும் கூட்டுகிறான். பாட்டி காதைப் பொத்திக்கொள்கிறார். இருவர் மீதும் தவறில்லை. தவறு ஆம்பின் கோணத்தில் இருக்கிறது.

தீர்வுக்கு ஒரு சென்கூடச் செலவில்லை. ஆம்பை ஒரு நாற்காலி மேல் வையுங்கள், அல்லது பின்னால் சாய்த்து வாசிப்பவரின் காதை நோக்கித் திருப்புங்கள். முடிந்தால் மேடையின் ஓரத்தில் வைத்துக் குறுக்காகத் திருப்புங்கள். வாசிப்பவர் தானாகவே சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. காது எல்லா அதிர்வெண்களையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. 1933இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சரும் மன்சனும் இதை அளந்து காட்டினார்கள். 1,000 ஹெர்ட்சில் 40 டெசிபெல் ஒலிக்கு நிகராகத் தோன்ற, 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 20 டெசிபெல்லுக்கு மேல் கூடுதலாக வேண்டும். சத்தம் கூடும்போது இந்த வித்தியாசம் குறைந்துவிடும். அதனால்தான் வீட்டு அறையில் சன்னமாக வாசிக்கும்போது கிட்டார் சப்பென்று தோன்றி, பேஸ் குமிழைக் கூட்டுகிறோம். அதே அமைப்போடு தேவாலயத்தில் வாசித்தால் "தொம் தொம்" என்று அறை நிறைந்து, பாடகரின் சொற்கள் மூழ்கிவிடும். ஆகவே குமிழ்களை வீட்டில் அல்ல, வாசிக்கும் இடத்தில், வாசிக்கும் சத்தத்திலேயே சரிசெய்யுங்கள்.

குற்றம் கிட்டாருடையது மட்டுமல்ல

நியாயமாகப் பேச வேண்டும். சிறிய அறையில் உண்மையான டிரம்ஸ் இருந்தால், மற்ற எல்லாருடைய சத்தத்தையும் முடிவு செய்வது அதுதான். டிரம்ஸ் முழங்கினால் கிட்டார் கூடும். கிட்டார் கூடினால் கீபோர்ட் கூடும். பாடகர் மைக்கைக் கடிப்பார். சூழலின் இரைச்சல் கூடும்போது மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911இல் விளக்கினார். லொம்பார் விளைவு என்று அதற்குப் பெயர். இசைக்குழுக்களிலும் இதே போட்டியைத்தான் வாராவாரம் பார்க்கிறேன். எனவே "கிட்டாரைக் குறை" என்று ஒரு பையனை மட்டும் அதட்டும் பெரியவர்கள், டிரம்ஸைப் பற்றியும் பேச வேண்டும். மெல்லிய குச்சிக்கட்டுகளால் தட்டுவது, மின்னணு டிரம்ஸுக்கு மாறுவது போன்ற வழிகள் இருக்கின்றன.

இது ரசனைச் சண்டை மட்டும் அல்ல. நம் உட்காதில் பிறக்கும்போதே சுமார் 15,000 மயிர் உயிரணுக்கள் இருக்கின்றன. செத்துப் போனால் அவை மீண்டும் வளர்வதில்லை. நாளுக்கு 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபெல் என்பதே மலேசியாவின் 2019ஆம் ஆண்டு தொழிலிடச் சத்த விதிமுறைகளில் உள்ள வரம்பு. பரவலாகப் பயன்படும் கணக்கின்படி, ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் பாதுகாப்பான நேரம் பாதியாகும்: 88இல் 4 மணி, 91இல் 2 மணி, 94இல் 1 மணி, 100இல் 15 நிமிடம். சனிக்கிழமை ஒத்திகை இரண்டு மணி, ஞாயிறு ஆராதனை இரண்டு மணி என்று கூட்டிப் பாருங்கள். தொழிற்சாலை ஊழியருக்குக் காதடைப்பான் கொடுக்கிறோம். மேடையில் நிற்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கும், முன் வரிசையில் உட்காரும் ஆறு வயதுப் பிள்ளைக்கும் யார் கொடுக்கிறோம்?

எனக்கு இருபது வயதில் யாரும் கொடுக்கவில்லை. அமைதியான இரவில் என் இடது காதில் இன்றும் ஒரு மெல்லிய ரீங்காரம் கேட்கும். அதைக் குறைக்க எந்தக் குமிழும் இல்லை.

கடையில் என்ன செய்வது?

என் பரிந்துரை இது. இடைநிலைப்பள்ளி மாணவர் தேவாலயத்துக்காக வாங்குவதானால், ஆற்றல் விசையோ நல்ல மாஸ்டர் குமிழோ உள்ள ஓர் இலக்கமுறை ஆம்பைத் தேர்ந்தெடுங்கள். மிக்சருக்குப் போகும் இணைப்பும், வீட்டில் பயிற்சி செய்யத் தலையணி இணைப்பும் அதில் இருக்கட்டும்.

வால்வு ஆம்ப் பிரியர்கள் இதை ஏற்கமாட்டார்கள். விரலின் அழுத்தத்துக்கு வால்வு பதில் சொல்லும் விதமே தனி என்பார்கள். 1960களின் வால்வு ஆம்பை இன்றும் பழுது பார்க்கலாம். இலக்கமுறை ஆம்பின் சர்க்யூட் பலகை கெட்டால் பெரும்பாலும் முழுப் பலகையையே மாற்ற வேண்டும் என்பார்கள். இரண்டும் உண்மை. சொந்த வீடும் சம்பளமும் வந்த பிறகு வால்வு ஆம்ப் வாங்குங்கள். நானும் வந்து கேட்கிறேன். ஆனால் எண்பது பேர் அறையில் அந்த நயம் வெளிப்படும் சத்தத்துக்கு நீங்கள் போகவே முடியாது.

கடைக்குச் சொந்தக் கிட்டாரைக் கொண்டு போங்கள். கடைக்காரரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவுக்குச் சத்தத்தைக் குறையுங்கள். அந்த நிலையில் ஆறு தந்தியும் தனித்தனியாகக் கேட்கின்றனவா? மென்மையாகத் தட்டினாலும் ஒலி வருகிறதா? பிறகு நண்பரை வாசிக்கச் சொல்லிவிட்டு, மூன்று மீட்டர் தள்ளி ஆம்புக்கு நேர் எதிரே உட்கார்ந்து கேளுங்கள். பாட்டியின் இடம் அதுதான். கைப்பேசியில் ஒலி அளவி செயலி ஒன்றைப் பதிவிறக்கிக் கொண்டால், துல்லியம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

வாட் எண்ணில் மிச்சம் பிடித்த பணத்தில் இசைக்கலைஞருக்கான காதடைப்பான் ஒரு ஜோடி வாங்குங்கள். அது எல்லா அதிர்வெண்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கும், இசை மந்தமாகாது.

கடைசியாக ஒரு சோதனை. தேவாலயத்தில் இசைக்குழு வாசிப்பது மற்றவர்கள் பாடுவதற்காக. பாடல் நடுவில் கொஞ்சம் கவனியுங்கள். உங்கள் பின்னாலிருக்கும் மக்களின் குரல் உங்களுக்குக் கேட்கிறதா? கேட்டால் உங்கள் ஆம்ப் சரியான அளவில் இருக்கிறது. கேட்காவிட்டால், அது எத்தனை வாட் ஆனாலும், இன்னும் கொஞ்சம் குறைக்கலாம்.

தம்பி அந்த 100 வாட் ஆம்பை வாங்கவில்லை. இப்போதைக்குப் பழைய ஆம்பையே ஒரு நாற்காலி மேல் சாய்த்து வைத்து வாசிக்கிறான். போன ஞாயிறு, பாட்டி அவனிடம் வந்து, "இன்னைக்குத்தான்யா நீ வாசிக்கிறது எனக்குக் கேட்டுச்சு" என்றார். அன்று அவனுடைய சத்தக் குமிழ் வழக்கத்தைவிடக் கீழே இருந்தது.